மூன்று வில்லியம்களில் உங்கள் முன்னோர் யார்?

கேள்வி: எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில், முன்னோர் வில்லியம் என்பவர் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் 1762-இல் பிறந்தார், சிப்பாயாக மதராஸ் வந்தார், 1788-இல் கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டார் என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பெயர் இல்லை. அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது என்று பாட்டி சொல்வார். இணையத்தில் தேடியதில் எங்கள் குடும்பப் பெயரோடு 1759-க்கும் 1764-க்கும் இடையில் ஞானஸ்நானம் பெற்ற மூன்று வில்லியம்கள் மூன்று ஊர்களில் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவரை எங்கள் முன்னோராக வைத்து யாரோ வம்சாவளியும் போட்டிருக்கிறார். அதை நம்பலாமா? சென்னையில் இருந்தபடியே மேலே தேட வழி உண்டா? — வாசகி, பெரம்பூர்.

பதில்: நம்ப வேண்டாம். அந்த மூவரில் ஒருவர் உங்கள் முன்னோராக இருக்கலாம். மூவருமே இல்லாமலும் போகலாம். பதிவேட்டில் பெயர் கிடைப்பது வேறு, ஆள் கிடைப்பது வேறு. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமங்களில் ஆண்களில் பெரும்பாலோர் ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்டு என்று சில பெயர்களுக்குள் அடங்கிவிடுவார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அங்கும் உண்டு. அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மகனுக்குத் தங்கள் அப்பா பெயரை வைத்தால், அக்கம்பக்கத்து ஊர்களில் ஏறக்குறைய ஒரே வயதில் மூன்று வில்லியம்கள் வந்துவிடுவார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டக் கோயில் பதிவேடு மட்டும் போதாது. நிலமும் உயிலும் துணைக்கு வேண்டும். ஆகையால் பாட்டி சொன்ன ‘கொஞ்சம் நிலம்’ என்ற வார்த்தையைப் பத்திரமாக எழுதி வையுங்கள். உங்கள் கையில் உள்ள நல்ல துப்பு அதுதான்.

ஆனால் இங்கிலாந்துக்குப் போகுமுன் மதராஸ் பக்கத்தை முடித்துவிடுங்கள். செயின்ட் மேரீஸ் பதிவேடுகளின் நகல்கள் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் பார்க்கலாம். திருமணப் பதிவில் அவருடைய படைப்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். கம்பெனிப் படை வேறு, மன்னரின் படை வேறு. கம்பெனி ஆள் என்றால் கப்பலேறியவர் பட்டியலும் மதராஸ் படையின் ஆஜர் பட்டியலும் பிரிட்டிஷ் நூலகத்தில் உண்டு. மன்னரின் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் தேட வேண்டும். அங்குள்ள ஓய்வு பெற்ற சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்களில் பிறந்த பாரிஷின், அதாவது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர் எல்லையின், பெயரே இருக்கும். ஊர், வயது, பழைய தொழில் இவற்றில் ஒன்று கிடைத்தாலும் மூன்று வில்லியம்களில் ஒருவராவது கழிந்துபோவார். வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். படையில் சேர்கிறவர்கள் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். 1762 என்றால் 1757 முதல் 1767 வரை தேடுங்கள். மதராஸில் அவர் உயில் எழுதியிருந்தால் அதுவும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கக்கூடும். ‘என் சகோதரனுக்கு’ என்று ஒரு வரி வந்தால் போதும், அங்கே தேட வேண்டிய குடும்பம் எது என்பது தெரிந்துவிடும்.

இனி இங்கிலாந்து. ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்ற உத்தரவு 1538-இல் வந்தது. 1598 முதல் ஆண்டுக்கு ஒரு நகல் பேராயருக்குப் போக வேண்டும். மூலப் பதிவேடு எலி கடித்தோ நனைந்தோ போயிருந்தால் இந்த நகல் கைகொடுக்கும். இரண்டுமே இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் விட்டுப்போன பெயர் மற்றொன்றில் இருப்பதும், ஒன்றில் ‘ஆன்’ என்றிருக்கும் தாய் மற்றொன்றில் ‘ஹன்னா’ ஆவதும் சாதாரணம்.

நீங்கள் தேடும் காலத்து ஞானஸ்நானப் பதிவில் என்ன இருக்கும்? பெரும்பாலும் ஒரே வரி: ‘மார்ச் 7, வில்லியம், தாமஸ் - ஆன் தம்பதியின் மகன்.’ அவ்வளவுதான். பிறந்த தேதி, அப்பாவின் தொழில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எதுவும் இராது. முகவரியும் தொழிலும் எழுதும் அச்சடித்த படிவம் 1813 ஜனவரியில்தான் வந்தது. யார்க் மறைமாவட்டத்தில் 1777-க்குப் பின் டேட் என்ற குருவானவரின் முறையைப் பின்பற்றிய சில ஊர்களில் தாத்தா பாட்டி வரை எழுதி வைத்தார்கள். நார்த்தாம்ப்டன்ஷயரில் அந்தப் பாக்கியத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே கழித்துக்கொண்டே வர வேண்டும். மூன்று வில்லியம்களுக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். அந்தந்த ஊரின் அடக்கப் பதிவை ஞானஸ்நான நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு வரி வரியாகப் படியுங்கள். பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறந்துபோன குழந்தையைக் கொள்ளுப்பாட்டனாக வைத்து வரைந்த வம்சாவளிகள் ஏராளம். மூத்த குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கும் அதே பெயரை வைப்பார்கள். ஆகவே அதே பெற்றோருக்கு இரண்டாவது வில்லியம் வந்தால் முதலாமவர் இறந்திருக்க வாய்ப்பு மிகுதி. பிறகு 1788-க்குப் பின்னும் அந்த ஊரில் ஒரு வில்லியம் திருமணம் செய்து, பிள்ளை பெற்று, அடக்கமாகி இருக்கிறாரா என்று பாருங்கள். மதராஸில் இருந்தவர் அங்கே பிள்ளை பெற முடியாது. அவரும் கழிந்தார்.

திருமணப் பதிவில் 1754 மார்ச் 25-க்கு முன், பின் என்ற பிரிவினை முக்கியம். ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு தேவாலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தோ லைசென்ஸ் பெற்றோதான் திருமணம். மணமக்களின் ஊர், கையெழுத்து அல்லது கைநாட்டு, இரண்டு சாட்சிகள் எல்லாம் பதிவில் வரும். சாட்சிகளைத் தள்ளிவிடாதீர்கள். ஒரே ஆள் பக்கத்துக்குப் பக்கம் சாட்சி போட்டிருந்தால் அவர் கோயில் எழுத்தர். ஒருமுறை மட்டும் வருகிறவர் பெரும்பாலும் அண்ணன், மாமன், மைத்துனர். ‘இந்தப் பாரிஷைச் சேர்ந்தவர்’ என்ற சொல் அங்கே பிறந்தவர் என்று பொருள்படாது. அங்கே குடியிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

தேதி விஷயத்தில் ஒரு பள்ளம் உண்டு. வில்லியத்தின் தாத்தா காலத்துக்குப் போகும்போது அதில் விழாமல் இருக்க வேண்டும். 1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. பதிவேட்டில் ‘1731 பிப்ரவரி’ என்றிருப்பது நம் கணக்கில் 1732. அதைத் திருத்தாமல் விட்டால் திருமணமான நான்காம் மாதத்தில் குழந்தை பிறந்தது போலவோ, அப்பா இறந்து ஓராண்டு கழித்துப் பிள்ளை பிறந்தது போலவோ தெரியும். குறிப்பெடுக்கும்போது 1731/2 என்று இரண்டு ஆண்டையும் எழுதுங்கள். 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிவே இல்லாத பிள்ளைகளும் உண்டு. 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அதனால் பலர் பதியாமல் இருந்தார்கள். பின்னாளில் நாலு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் உண்டு. வில்லியத்தின் தம்பி தங்கைகளைத் தேடும்போது இது குறுக்கே வரும். ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே நின்ற சுயாதீன சபையாரும் பாப்திஸ்துகளும் வலுவாக இருந்த மாவட்டம் நார்த்தாம்ப்டன்ஷயர் என்பதையும் கணக்கில் எடுங்கள். நம் நாட்டுக்கு வந்த வில்லியம் கேரி 1761-இல் அங்குள்ள பாலர்ஸ்பரியில் பிறந்தவர்; ஆங்கிலிக்கன் சபையில் வளர்ந்து, 1783-இல் நென் ஆற்றில் பாப்திஸ்து ஞானஸ்நானம் பெற்றார். பாப்திஸ்துகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அவர்களுடைய பட்டியலில் இருபத்திரண்டு வயது ஆளைக் குழந்தை என்று எண்ணிவிடாதீர்கள். இச்சபைகளின் பழைய பதிவேடுகள் பல தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘ஆர்ஜி 4’ என்ற வரிசையில் உள்ளன.

இப்போது நிலத்துக்கு வருவோம். நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுப்பதுபோல அங்கே எடுக்க முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் யார்க்ஷயரின் மூன்று பகுதிகளிலும் மிடில்செக்ஸிலும்தான் பொதுப் பத்திரப் பதிவேடு இருந்தது. நார்த்தாம்ப்டன்ஷயரில் இல்லை. அதனால் நில வரிப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

நில வரி 1690-களிலேயே வந்துவிட்டது. ஆனால் 1780 முதல் 1832 வரை வாக்குரிமைக்குச் சான்றாக அதன் படிகளை மாவட்ட அதிகாரியிடம் கொடுத்து வைத்ததால், அந்த ஐம்பது ஆண்டுப் பட்டியல்களே பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. 1798-ஆம் ஆண்டுக்கு மட்டும் ஏறக்குறைய நாடு முழுவதற்குமான தொகுப்பு தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘ஐஆர் 23’ என்ற வரிசையில் உண்டு. அதில் உங்கள் குடும்பப் பெயர் எந்தெந்த ஊரில் வருகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு அந்த ஊர்களின் ஆண்டுப் பட்டியலைக் கேளுங்கள்.

பட்டியலில் மூன்று விவரங்கள் இருக்கும்: நிலத்துக்குச் சொந்தக்காரர், அனுபவிப்பவர், வரித் தொகை. கண் வைக்க வேண்டியது தொகையின் மேல். 1770-களின் பிற்பாதியிலிருந்து வரி விகிதம் மாறாமல் பவுண்டு மதிப்புக்கு 4 ஷில்லிங்காகவே இருந்தது. நிலத்தின் மதிப்பும் பழைய மதிப்புதான். அதனால் ஒரு நிலத்தின் தொகை வருஷா வருஷம் மாறாது. 1781-இல் ‘தாமஸ், 11 ஷில்லிங் 4 பென்ஸ்’ என்றிருக்கிறது, 1786-இல் அதே 11 ஷில்லிங் 4 பென்ஸுக்கு எதிரே ‘விதவை’ என்று குடும்பப் பெயரோடு வருகிறது, 1793-இல் ‘ஜான்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமஸ் 1781-க்கும் 1786-க்கும் நடுவே போய்ச் சேர்ந்தார், மனைவி சில காலம் நடத்தினார், பிறகு மகன் ஜானுக்கு வந்தது என்று ஊகிக்கலாம். அடக்கப் பதிவில் அந்த ஐந்து ஆண்டுகளை மட்டும் பார்த்தால் சரிபார்த்துவிடலாம். தொகை திடீரென இரண்டாகப் பிரிந்தால் நிலம் பாகமானது அல்லது விற்கப்பட்டது. பெயர் மாறவே இல்லை என்பதற்காக ஆளும் மாறவில்லை என்று நினைக்காதீர்கள். அப்பா பெயரும் மகன் பெயரும் ஒன்றாக இருக்கலாம், எழுத்தர் பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதியும் இருக்கலாம். சொந்தக்காரரோ அனுபவிப்பவரோ அல்லாத கூலியாட்கள் இதில் வரமாட்டார்கள்.

அப்பா 1780-க்கு முன்பே இறந்திருந்தால்? நார்த்தாம்ப்டன்ஷயருக்கு 1777-ஆம் ஆண்டின் மிலிஷியா (உள்ளூர்க் காவல் படை) பட்டியல் இருக்கிறது: 18 முதல் 45 வயது வரை உள்ள ஆண்கள், ஊர்வாரியாக, தொழிலோடு. உங்கள் வில்லியத்துக்கு அப்போது பதினைந்து வயது, வரமாட்டார். அப்பாவோ சித்தப்பாவோ வரலாம்.

நில வரியில் சொந்தக்காரர் பெயர் உங்கள் குடும்பம், அனுபவிப்பவரும் அவரே என்றால் அது ஃப்ரீஹோல்டாகவோ (முழு உரிமை நிலம்) காப்பிஹோல்டாகவோ இருக்கலாம். சொந்தக்காரர் ஒரு பெரிய பிரபு, உங்கள் ஆள் அனுபவிப்பவர் மட்டுமே என்றால் குத்தகைதாரர். அப்போது ஆவணக்காப்பகத்தில் உங்கள் குடும்பப் பெயரைத் தேடிப் பயனில்லை. அந்தப் பிரபுவின் பண்ணைத் தொகுப்பில் குத்தகைக் கணக்கையும் சர்வே புத்தகத்தையும் தேடுங்கள். தேடுகிறவர்கள் அடிக்கடி கோட்டை விடும் இடம் இது.

காப்பிஹோல்டு என்றால் உங்களுக்கு யோகம். மேனர் என்னும் பண்ணை ஆட்சியின் கீழ் வரும் நிலம் அது. கை மாறும்போதெல்லாம் மேனர் கோர்ட்டில் வந்து ஒப்படைத்து, கட்டணம் கட்டி, புதியவர் பெயரில் ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். கோர்ட் சுருளில் எழுதியதன் நகல்தான் அவர் கையில் உள்ள பத்திரம். ‘காப்பி’ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒரு பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘சென்ற கோர்ட்டுக்குப் பின் தாமஸ் காலமானார். அவர் வசம் ஒரு வீடும் அதை ஒட்டிய தோட்டமும் ஆண்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வாடகைக்கு இருந்தன. அவை முன்பு ரிச்சர்டு வசம் இருந்தவை. இப்போது அவருடைய மூத்த மகனும் வாரிசுமான ஜான் நேரில் வந்து தன்னை ஏற்றுக்கொள்ளக் கோருகிறார்.’ இந்த ஒரே பத்தியில் மூன்று தலைமுறை இருக்கக்கூடும். வீட்டின் வர்ணனையையும் வாடகைத் தொகையையும் எழுத்தர்கள் நூறு ஆண்டுகள்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டு போவார்கள். குடும்பப் பெயர் மாறினாலும் ‘2 ஷில்லிங் 6 பென்ஸ்’ என்ற கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். நிலம் மகள் வழியில் வந்திருந்தால் ‘மனைவியின் உரிமையில்’ என்று எழுதியிருப்பார்கள். பதிவேடு தராத பிறந்த வீட்டுப் பெயர் அங்கே கிடைத்துவிடும்.

உங்கள் வழக்குக்கு இதில் இன்னொரு விசேஷம் உண்டு. வாரிசு வராவிட்டால் அடுத்தடுத்து மூன்று கோர்ட்டுகளில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்படியும் வராவிட்டால், அவர் வரும்வரை என்று சொல்லி நிலத்தை மேனர் பிரபு கையில் எடுத்துக்கொள்வார். சில மேனர்களில் மூத்த மகனுக்குப் பதில் கடைசி மகனே வாரிசு. வில்லியம் வாரிசாக இருந்து, அவர் மதராஸில் இருந்த காலத்தில் அப்பா இறந்திருந்தால், அந்த மூன்று அழைப்பையும் சுருளில் தேடிப் பாருங்கள்.

மேனர் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பாரிஷில் இரண்டு மூன்று மேனர்கள் இருக்கும். ஒரு மேனர் இரண்டு பாரிஷ்களில் பரவியும் கிடக்கும். நார்த்தாம்ப்டன்ஷயரின் பொது நிலங்களில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் பாராளுமன்றச் சட்டத்தால் வேலியடைக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பாவணத்தில் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஏக்கர், ரூட், பெர்ச் என்பதோடு, இன்ன மேனரின் காப்பிஹோல்டு என்றும் குறித்திருப்பார்கள். ஏக்கருக்கு 4 ரூட், 160 பெர்ச். மேனர் பெயர் தெரிந்ததும் தேசிய ஆவணக்காப்பகத்தின் மேனர் ஆவணப் பட்டியலில் போட்டால், அதன் சுருள்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று தெரியும். ஒன்று நினைவிருக்கட்டும்: 1733 மார்ச் வரை சுருள்கள் லத்தீனில். வாய்பாடு ஒன்றேதான் என்பதால், 1733-க்குப் பிந்தைய ஆங்கிலப் பதிவுகள் நாலைந்தைப் படித்துப் பழகிவிட்டு லத்தீனுக்குப் போங்கள். பெயரும் நிலமும் தானாகக் கண்ணில் படும்.

ஃப்ரீஹோல்டு பத்திரம் கிடைத்தால் பெரும்பாலும் ஜோடியாக வரும். முதல் நாள் ஓராண்டுக்குக் குத்தகை, வெறும் 5 ஷில்லிங்; மறுநாள் முழு உரிமையும் விட்டுக்கொடுத்து உண்மையான விலை. இரண்டும் சேர்ந்து ஒரே கிரயம். முதல் தாள் மட்டும் தப்பியிருந்தால், முன்னோர் 5 ஷில்லிங்குக்குக் குடியிருந்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

உயிலை இதனோடு சேர்த்தே பாருங்கள். 1858-க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டன. நார்த்தாம்ப்டன்ஷயர் விவசாயிக்கு நார்த்தாம்ப்டன் ஆர்ச்டீக்கன் (பேராயருக்கு அடுத்த நிலைக் குரு) நீதிமன்றம், பீட்டர்பரோ பேராயர் நீதிமன்றம் இரண்டின் பட்டியலையும் பார்க்க வேண்டும். இரண்டு மறைமாவட்டங்களில் சொத்து இருந்தால் கான்டர்பரி தலைமைப் பேராயரின் நீதிமன்றம். அதன் நகல்கள் தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘ப்ராப் 11’. உறவுச் சொற்களில் கவனம் தேவை. அன்று ‘சன்-இன்-லா’ என்றால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முன்தாரத்து மகனாகவும் இருக்கலாம். ‘கசின்’ என்பது அண்ணன் மகனையும் குறிக்கும். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பவை ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர். அப்பா மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மகனுக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தால் கோபம் என்று முடிவு கட்டாதீர்கள். அவருடைய பங்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கும். மூத்த மகன் பெயரே இல்லாவிட்டாலும் அப்படித்தான், நிலம் சட்டப்படி அவருக்குப் போயிருக்கும். நீங்கள் தேட வேண்டியது ‘என் மகன் வில்லியம், உயிரோடு இருந்து திரும்பி வந்தால்’ என்பது போன்ற நிபந்தனை. கடல் கடந்து போன பிள்ளைக்குத் தகப்பன்கள் இப்படித்தான் எழுதினார்கள். மூவரில் ஒருவருடைய அப்பாவின் உயிலில் அது இருந்துவிட்டால் உங்கள் தேடல் முடிந்தது.

அப்பாவின் ஞானஸ்நானம் அந்த ஊரில் இல்லையா? வெளியூர்க்காரராக இருப்பார். 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைக்கு உதவ வேண்டியது அவருடைய சொந்தப் பாரிஷ்; அதனால் ஊருக்குப் புதிதாக வந்தவரின் குடியுரிமைச் சான்று, விசாரணை வாக்குமூலம், திருப்பி அனுப்பும் உத்தரவு எல்லாம் பாரிஷின் ஆவணப் பெட்டியில் சேர்ந்தன. வாக்குமூலத்தில் பிறந்த ஊர், வேலை பார்த்த எஜமான், வாங்கிய சம்பளம் வரை இருக்கும். இவற்றில் பல இன்னும் இணையத்துக்கு வரவில்லை.

சென்னையிலிருந்து செய்ய வேண்டிய வரிசை இது. ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் என்ற இரண்டு இணையத் தளங்களும் இலவசம். குடும்பப் பெயரை எழுத்து மாற்றி, முதல் எழுத்து ‘எச்’ என்றால் அதை விட்டும் தேடுங்கள். பட்டியலில் கண்டதை முடிந்த இடத்திலெல்லாம் மூலப் படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு மூன்று ஊர்களுக்கும் அடக்கப் பதிவு, 1798 நில வரி, உயில் பட்டியல் மூன்றையும் பாருங்கள். அதற்குப் பின்னும் இரண்டு வில்லியம்கள் மிஞ்சினால் நார்த்தாம்ப்டன்ஷயர் ஆவணக்காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘என் முன்னோரைத் தேடித் தாருங்கள்’ என்று எழுதினால் காரியம் நடக்காது. ஊர், ஆண்டு, ஆவண வகை மூன்றையும் குறித்து, ‘இந்த ஊரின் 1780 முதல் 1795 வரையிலான நில வரிப் பட்டியல்கள் உள்ளனவா, படமெடுத்து அனுப்பக் கட்டணம் எவ்வளவு’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் ஆவண எண்ணை உங்கள் தாளில் ஏற்றுங்கள். தேடியும் கிடைக்காதவற்றை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பார்த்தீர்கள் என்பதோடு, அதே தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.